நானோ அறிவியலைச் சொல்லிக் கொடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி ஆசிரியர்களும், துளிர் இல்லம் என்ற சிறுவர் அறிவியல் மன்றம் நடத்துகிறவர்களும், அறிவியல் கண்காட்சியில் மேசை போடும் கல்லூரி மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தந்திருக்கிறோம். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே நிற்கின்றன.

நானோன்னா "ரொம்ப ரொம்பச் சின்னது"ன்னு சொன்னா போதாதா?

போதாது. அணுவும் ரொம்பச் சின்னதுதான், பாக்டீரியாவும் ரொம்பச் சின்னதுதான். அப்படிச் சொன்னால் மாணவர் மனதில் எல்லாம் ஒரே மூட்டைக்குள் போய்விடும். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளவற்றைத்தான் பொதுவாக நானோ அளவு என்கிறோம். தங்க அணு ஒன்றின் குறுக்களவு சுமார் 0.3 நானோமீட்டர். டி.என்.ஏ. இழையின் அகலம் 2. ரத்தச் சிவப்பணு 7,000 முதல் 8,000. தலைமுடி 50,000 முதல் 1,00,000. அணுவுக்கு மேலே, செல்லுக்கு வெகு கீழே இருக்கும் இடைப்பட்ட உலகம் இது. இந்த 'இடை' பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒப்புமை வேண்டுமென்றால் கோலிக்குண்டைக் கையில் எடுங்கள். ஒரு நானோமீட்டரை 1.27 செ.மீ. கோலிக்குண்டு அளவுக்குப் பெரிதாக்கினால், ஒரு மீட்டர் குச்சி பூமியின் குறுக்களவு நீளத்துக்கு வந்துவிடும். அதே கணக்கில் 80,000 நானோமீட்டர் முடி ஒரு கிலோமீட்டர் அகலமாகும். இதை நீங்களே சொல்லிவிடாதீர்கள், மாணவர்களையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எந்த வகுப்புலேர்ந்து ஆரம்பிக்கலாம்?

அளவு ஒப்பீடும் தாமரை இலையும் 6ஆம் வகுப்புக்கே சரியாக இருக்கும். பத்தின் அடுக்குகள் தெரிந்த 9ஆம் வகுப்பில் பரப்பளவுக் கணக்குகளைச் சேர்க்கலாம். அளக்கும் சோதனைகள் 11ஆம் வகுப்புக்கு. தமிழ்நாட்டுப் பாடத்தில் 12ஆம் வகுப்பு இயற்பியலின் கடைசி அலகில்தான் நானோ வருகிறது. தேர்வு நெருங்கும் நேரத்தில் அவசரமாக ஓடும் பகுதி அது. அதனால் முந்தைய வகுப்புகளிலேயே கைவேலையாகச் செய்து வைத்துவிடுவது நல்லது.

காசே செலவில்லாம முதல் நாள் வகுப்புல என்ன செய்யறது?

20 செ.மீ. நீளக் காகிதப் பட்டை, ஆளுக்கு ஒரு கத்தரிக்கோல். பட்டையைப் பாதியாக வெட்டி ஒரு பாதியைக் கீழே போட்டுவிட்டு, மறு பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். ஏழாவது வெட்டில் 1.6 மில்லிமீட்டர் மிஞ்சும், எட்டாவதில் 0.8. அதோடு எல்லோரும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார்கள். மிச்சத்தைக் கணக்கில் வெட்டச் சொல்லுங்கள். 21ஆவது வெட்டில் 95 நானோமீட்டர், அதாவது நானோ உலகின் வாசல். 28ஆவதில் ஒரு நானோமீட்டருக்கும் கீழே. கத்தரிக்கோல் எட்டிலேயே நின்றுவிட்டது என்பதுதான் பாடம். இவ்வளவு சிறியதை வெட்டிச் செய்ய முடியாது, வேதிவினையால் கட்டி எழுப்புவது, ஒளியால் செதுக்குவது போன்ற வேறு வழிகள் வேண்டும் என்று அங்கிருந்து பேச்சைத் தொடரலாம்.

இன்னொன்று நகம். மாதம் 3 மி.மீ. வளர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் 25,92,000 நொடிகள். 30,00,000 நானோமீட்டரை அதால் வகுத்தால் நொடிக்கு ஒரு நானோமீட்டருக்குச் சற்று மேல். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் நகம் சில நானோமீட்டர் வளர்ந்திருக்கும்.

கண்ணுக்கே தெரியாததை எப்படிங்க அளந்து காட்டுறது?

ஒலீயிக் அமிலச் சோதனை. எண்ணெய்களில் இருக்கும் ஒரு கொழுப்பு அமிலம் அது. ஒரு பள்ளிச் சோதனையை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். மூலக்கூறின் உயரத்தைச் சாதாரண ஸ்கேலால் அளக்கும் சோதனை இது. ஒலீயிக் அமிலம் 1 மில்லி எடுத்து ஆல்கஹால் சேர்த்து 20 மில்லியாக்குங்கள். அதிலிருந்து 1 மில்லி எடுத்து மறுபடி ஆல்கஹால் சேர்த்து 20 மில்லியாக்குங்கள். இப்போது ஒவ்வொரு மில்லியிலும் 400இல் ஒரு பங்குதான் அமிலம். இந்தக் கரைசலில் எத்தனை சொட்டு சேர்ந்தால் 1 மில்லி என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆல்கஹால் சொட்டு தண்ணீர்ச் சொட்டைவிடச் சிறியது. தண்ணீருக்கு எண்ணிய கணக்கை இங்கே போட்டால் விடை கெட்டுவிடும்.

30க்கு 40 செ.மீ. தட்டில் ஒரு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அலை அடங்கியபின் லைகோபோடியம் பவுடரை (ஒரு செடியின் நுண்வித்துத் தூள்) மெல்லிய துணியில் கட்டி லேசாகத் தட்டித் தூவுங்கள். முதலில் வெறும் ஆல்கஹால் ஒரு சொட்டு விடுங்கள். பவுடர் விலகி, சில நொடியில் திரும்ப மூடிக்கொள்ளும். அடுத்து அமிலக் கரைசல் ஒரு சொட்டு. இப்போது பவுடர் ஓரத்துக்கு ஓடி, நடுவில் தெளிவான வட்டம் திறந்து அப்படியே நிற்கும். ஆல்கஹால் போய்விட்டது, அமிலம் மட்டும் ஒரு மூலக்கூறு உயரத்துக்குப் பரவி நிற்கிறது. மூலக்கூறின் தலை தண்ணீரில், வால் காற்றில். வெறும் ஆல்கஹால் சொட்டை விட்டுவிட்டால், வட்டம் எதனால் வந்தது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

கணக்கு: 1 மில்லிக்கு 80 சொட்டு, வட்டத்தின் விட்டம் 15 செ.மீ. என்று வையுங்கள். ஒரு சொட்டில் அமிலம் 0.0125 ÷ 400 = 0.00003125 கன செ.மீ. வட்டத்தின் பரப்பு 177 சதுர செ.மீ. கன அளவைப் பரப்பால் வகுத்தால் சுமார் 1.8 நானோமீட்டர். 1 முதல் 2.5 வரை எது வந்தாலும் நல்ல அளவீடுதான். மூலக்கூறு நடுவில் வளைந்தது, எல்லாம் விறைப்பாக நிற்பதும் இல்லை. அதனால் புத்தக எண்ணோடு அச்சுப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

செஞ்சு பார்த்தோம், வட்டமே வரல. எங்க தப்பு?

பத்துக்கு எட்டு முறை தட்டில்தான். முந்தைய முறை விட்ட அமிலம் தட்டில் ஒட்டியிருந்தால் அடுத்த சொட்டு பரவ இடமே இருக்காது. ஒவ்வொரு முறையும் தண்ணீரை முழுசாகக் கொட்டி, சோப்புப் போட்டு, சோப்பு துளியும் மிஞ்சாமல் பலமுறை அலசி, ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். சோப்பு மிஞ்சினாலும் இதே கதைதான். தலையில் எண்ணெய் தடவிய கையால் ஒரு விரல் தண்ணீரைத் தொட்டாலே போதும், அந்தத் தட்டு கெட்டது.

வட்டம் சிறிதாக, ஓரம் கிழிந்த மாதிரி வந்தால் பவுடர் அதிகம். தூவியது தெரியுமா தெரியாதா என்ற அளவுக்கு இருக்க வேண்டும். தட்டின் சுவரைத் தொடும் வரை ஓடினால் சொட்டு பெரியது, அல்லது கரைசலை ஒருமுறைதான் நீர்த்திருக்கிறீர்கள். கேரம் போர்டு பவுடர் வேண்டாம். பெரும்பாலும் அது போரிக் அமிலம், தண்ணீரில் கரைந்துவிடும். லைகோபோடியம் கிடைக்காவிட்டால் வாசனை சேர்க்காத டால்க் பவுடர் போதும். இரண்டில் எதுவானாலும் மூக்கருகே தட்டக்கூடாது. லைகோபோடியம் தூள் காற்றில் பறந்தால் எளிதில் தீப்பிடிக்கும், பக்கத்தில் விளக்கோ தீக்குச்சியோ இருக்கக்கூடாது. ஆல்கஹாலுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் எண்ணெயும், சானிடைசரில் கிளிசரினும் கலந்திருக்கலாம்.

ஒலீயிக் அமிலம் கிடைக்கல, கடலை எண்ணெய்ல செய்யலாமா?

காட்சிக்குச் செய்யலாம், கணக்குக்குச் செய்யக்கூடாது. சமையல் எண்ணெய் ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. அதனால் ஒரு சொட்டில் எவ்வளவு எண்ணெய் போனது என்று உங்களால் சொல்ல முடியாது. ஊசி முனையை எண்ணெயில் தொட்டுத் தண்ணீரில் வைத்தால் பவுடர் ஓடும். அதுவரை சரி.

கணக்குப் போட ஆசையிருந்தால் பெஞ்சமின் பிராங்க்ளினின் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றியதும் அரை ஏக்கர் நீர்ப்பரப்பு கண்ணாடி போல அடங்கியதை அவர் 1774இல் வெளியிட்டார். எண்ணெயின் தடிமனை அவர் வகுத்துப் பார்க்கவில்லை. தேக்கரண்டிக்கு 5 மில்லி, அரை ஏக்கருக்கு சுமார் 2,000 சதுர மீட்டர் என்று வைத்து உங்கள் மாணவர்கள் வகுத்தால் 2.5 நானோமீட்டர் வரும். ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண், கல்லூரிப் படிப்பு இல்லாமல், வீட்டிலேயே தகரத் தொட்டி வைத்து நீர்ப்பரப்புப் படலங்களை அளந்தார். அவருடைய கடிதம் 1891இல் நேச்சர் இதழில் வந்தது. அதே பாதையில் போன இர்விங் லாங்மியூருக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது. பொக்கெல்ஸின் பெயரை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். ஆய்வகம் இல்லாத பள்ளியில் அது பெரிய தெம்பு.

லேசர் வெச்சு முடியை அளக்கிறது நானோ சோதனையா?

இல்லை, அது மைக்ரோமீட்டர் சோதனை. ஆனாலும் செய்ய வேண்டியது. முடியை லேசரின் வாய்க்கு முன்னால் செங்குத்தாக ஒட்டி, 2 மீட்டர் தள்ளிச் சுவரில் விழும் கோடுகளைப் பாருங்கள். நடு வெளிச்சத்தின் மையத்திலிருந்து முதல் இருட்டு வரை உள்ள தூரத்தால், அலைநீளம் × சுவர்த் தூரம் என்ற பெருக்கலை வகுத்தால் முடியின் தடிமன். சிவப்பு லேசர் 650 நானோமீட்டர், 1.86 செ.மீ. வந்தால் முடி 70 மைக்ரோமீட்டர். இடப்பக்க இருட்டுக்கும் வலப்பக்க இருட்டுக்கும் இடையே அளந்து பாதியாக்கினால் பிழை குறையும். 1 மில்லிவாட்டுக்குக் கீழே உள்ள சிவப்பு லேசரையே பயன்படுத்துங்கள். திருவிழாக் கடைகளில் விற்கும் பச்சை லேசர் வேண்டாம்.

பிறகு அதே லேசரைச் சி.டி.யின் மேல் அடியுங்கள். அதன் தடங்களுக்கு இடைவெளி 1,600 நானோமீட்டர். செங்குத்தாக அடித்தால் முதல் புள்ளி 24 டிகிரியில் விலகும். டி.வி.டி.யில் இடைவெளி 740, விலகல் 61 டிகிரி. இடைவெளி சுருங்கச் சுருங்கப் புள்ளி தள்ளிப்போகிறது. அலைநீளத்தைவிட இடைவெளி சிறிதாகிவிட்டால் அந்தப் புள்ளியே கிடையாது. அடுத்த கேள்விக்கான பதில் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

நல்ல மைக்ரோஸ்கோப் வாங்கினா நானோ துகள் தெரியாதா?

தெரியாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்பில் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே இரண்டு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஒளி அலையின் அளவே தடை. அதனால்தான் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பும், தடவிப் பார்க்கும் கருவிகளும் வந்தன. கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் சூரிக் ஐ.பி.எம். ஆய்வகத்தில் 1981இல் செய்த ஸ்கேனிங் டனலிங் மைக்ரோஸ்கோப் ஊசி முனையால் அணுக்களைத் தடவிப் படம் தந்தது. 1986இல் நோபல் பரிசு.

'தடவிப் பார்ப்பது' என்றால் என்ன என்று காட்ட, ஃபிரிட்ஜில் ஒட்டும் வளையும் காந்த விளம்பர அட்டை ஒன்று போதும். ஓரத்திலிருந்து அரை செ.மீ. பட்டை வெட்டி, மிச்ச அட்டையின் கறுப்புப் பக்கத்தில் மெல்ல இழுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும். அதற்குக் குறுக்குத் திசையில் டக் டக்கென்று துள்ளும். கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் பரப்பில் காந்த வரிகள் இருப்பது விரலுக்குத் தெரிந்துவிடும்.

தாமரை இலைத் தண்ணீர் எல்லாருக்கும் தெரியுமே, அதுல புதுசா என்ன?

பழமொழி தெரியும், காரணம் தெரியாது. "இலை வழவழப்பாக இருப்பதால் ஒட்டவில்லை" என்றுதான் பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். உண்மை நேர் எதிர். இலை முழுக்க சுமார் 10 மைக்ரோமீட்டர் அளவுப் புடைப்புகள், அவற்றின் மேல் சுமார் 100 நானோமீட்டர் தடிமனுள்ள மெழுகுக் குழாய்கள். சொட்டு அந்த முனைகளின் மேல் நிற்கிறது, அடியில் காற்று. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997இல் இதை விரிவாக விளக்கினார். தாமரை கிடைக்காத ஊரில் சேம்பு இலை போதும்.

இலையின் ஒரு பாதியைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு இரண்டு பாதியிலும் சொட்டு விடுங்கள். தேய்த்த பக்கம் படர்ந்து ஒட்டும். வழவழப்பாக்கினால் ஒட்டுகிறது என்பதை அவர்களே பார்த்துவிடுவார்கள். வாடிய இலையில் இது எடுபடாது, காலையில் பறித்ததை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். இலையே இல்லையென்றால் மெழுகுவத்தியின் மஞ்சள் சுடரில் எவர்சில்வர் தட்டைக் காட்டிக் கரி பிடித்து, ஆறியபின் தண்ணீர் விடுங்கள். பாதரசம் போல உருளும்.

தங்கம் சிவப்பா மாறும்கிறாங்களே, அதைப் பள்ளியில செய்யலாமா?

மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் செய்யலாம். 1 மில்லிமோலார் குளோரோ ஆரிக் அமிலம் 20 மில்லியைக் கொதிக்கவிட்டு, 1 சதவீத ட்ரைசோடியம் சிட்ரேட் 2 மில்லியை ஒரே வீச்சில் ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருங்கள். மஞ்சள் மறையும், சாம்பல் நீலம் வரும், பத்து நிமிடத்துக்குள் திராட்சை ரசச் சிவப்பில் நிற்கும். துகள்கள் சுமார் 13 நானோமீட்டர். அந்த அளவில் தங்கத்தின் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஊசலாடி 520 நானோமீட்டர் பச்சையை விழுங்கிவிடுகின்றன, சிவப்பு மிஞ்சுகிறது. ஒரு முறைக்கு ஆகும் தங்கம் 4 மில்லிகிராம்தான், குன்றிமணி எடையில் முப்பதில் ஒரு பங்கு. தங்க உப்பான குளோரோ ஆரிக் அமிலத்தை வாங்கும்போது விலை பயமுறுத்தும், ஆனால் ஒரு கிராம் நூறு முறைக்கு மேல் வரும்.

கெடுவது மூன்று இடத்தில். குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றினால் அதிலுள்ள உப்பே துகள்களைத் திரட்டிவிடும். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. குளோரோ ஆரிக் அமிலத்தை இரும்புக் கரண்டியால் அள்ளினால் தங்கம் கரண்டியிலேயே படிந்துவிடும். அழுக்குக் கண்ணாடியில் செய்தால் ஊதாவோடு நின்றுபோகும். வெற்றிகரமாக வந்ததை இரண்டு குழாயில் பிரித்து, ஒன்றில் உப்புக் கரைசலும் மற்றதில் சர்க்கரைக் கரைசலும் சில சொட்டு விடுங்கள். உப்பு விட்டது நீலமாகும், சர்க்கரை விட்டது அப்படியே இருக்கும். சிட்ரேட் போர்த்திய துகள்கள் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. உப்பின் அயனிகள் அந்தத் தள்ளலை மறைத்துவிட, அவை ஒட்டிக்கொண்டன. நிறம் அளவைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல காட்சி இல்லை.

துளசிச் சாற்றுல வெள்ளி நானோ செஞ்சோம், பழுப்பா வந்துச்சு. அப்போ நானோதானே?

பழுப்பு நிறம் மட்டும் சாட்சியாகாது. இலைச் சாறு காற்றுப் பட்டாலே பழுக்கும். கண்காட்சிகளில் பரிசு வாங்கும் பல செயல்திட்டங்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன. 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 90 மில்லியோடு 10 மில்லி சாறு சேர்த்தால், பக்கத்திலேயே 90 மில்லி காய்ச்சி வடித்த நீரோடு 10 மில்லி சாறும் வையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு, பிறகு பக்கத்துக் கல்லூரியில் ஒளி உட்கவர் நிறமாலை எடுங்கள். 400க்கும் 450 நானோமீட்டருக்கும் இடையே ஒரு முகடு வந்து, ஒப்பீட்டுக் குடுவையில் அது இல்லையென்றால் வெள்ளித் துகள் என்று சொல்லலாம். லேசர் அடித்தால் கரைசலுக்குள் கோடு தெரிகிறது என்பதும் சாட்சியில்லை. வெறும் சாறும் ஒளியைச் சிதறடிக்கும்.

சேர்த்த உடனே வெள்ளையாகக் கலங்கினால் தண்ணீரில் குளோரைடு இருக்கிறது. கையுறை போடாவிட்டால் விரல் கறுத்து ஒரு வாரம் போகாது. மிஞ்சியதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். உப்புப் போட்டுப் படியவிட்டு, படிவைத் தனிப் புட்டியில் சேர்த்து வையுங்கள்.

பிரிண்டர் டோனரும் எண்ணெயும் கலந்தா ஃபெரோஃபுளூயிட்னு வீடியோவுல காட்டுறாங்களே?

காந்தத்துக்கு அசையும், ஆனால் அது ஃபெரோஃபுளூயிட் (காந்தத்துக்கு இழுபடும் நானோ துகள்கள் மிதக்கும் திரவம்) இல்லை. டோனர் துகள் சில மைக்ரோமீட்டர் அளவு; விட்டு வைத்தால் அடியில் படிந்துவிடும். உண்மையான ஃபெரோஃபுளூயிட்டில் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு துகள் சுமார் 10 நானோமீட்டர், வெப்ப அசைவே அதை மிதக்க வைக்கும். இரண்டையும் ஒரு வாரம் அலமாரியில் வைத்துக் காட்டினால் அதுவே நல்ல பாடம். உண்மையானதை மூடி ஒட்டிய புட்டியில் மட்டும் வாங்குங்கள்; துணியில் பட்டால் போகாது.

நானோ பொருள் ஆபத்துங்கிறாங்க. பசங்க கையில கொடுக்கலாமா?

உலர்ந்த தூளாக எதையும் கொடுக்காதீர்கள். திரவத்தில் இருப்பதும், பரப்பில் ஒட்டியிருப்பதும் வகுப்புக்குப் போதும். துகள் நுரையீரலுக்குள் போவதுதான் முதல் கவலை. கார்பன் நானோகுழாய்த் தூள் பள்ளிக்கு வேண்டவே வேண்டாம். பெற்றோர் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். சிறிதாகும்போது பரப்பு பெருகுகிறது. 1 செ.மீ. கனசதுரத்தை 1 நானோமீட்டர் கனசதுரங்களாக்கினால் 6 சதுர செ.மீ. பரப்பு 6,000 சதுர மீட்டராகும், ஒன்றரை ஏக்கர். வினை நடப்பது பரப்பில்தான். மருந்து வேலை செய்வதற்கும் தீங்கு வருவதற்கும் காரணம் ஒன்றே. உணவில் வெண்மைக்குச் சேர்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடில் ஒரு பகுதி நானோ அளவில் இருக்கிறது. அதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவிலிருந்து விலக்கியது.

கண்காட்சியில ஒருத்தர் ரெண்டு நிமிஷம்தான் நிப்பாங்க. எதைக் காட்டுறது?

நகக் கணக்கைக் கேள்வியாகக் கேட்டு நிறுத்துங்கள். தேய்த்த இலை, தேய்க்காத இலை இரண்டிலும் அவர்களையே சொட்டு விடச் சொல்லுங்கள். அவ்வளவு போதும். மேசையில் பத்துப் பொருள் வைத்தால் ஒன்றும் மனதில் நிற்காது. அமெரிக்க அருங்காட்சியகங்கள் 2005இல் தொடங்கிய நைஸ் நெட் கூட்டமைப்பின் நானோ தினங்களிலும், ஒரு மேசைக்கு ஒரு கருத்து, வந்தவர் கையில் வேலை என்ற முறையில்தான் செயல்பாடுகள் அமைந்தன.

"கேன்சர் குணமாகுமா?" என்று நிச்சயம் கேட்பார்கள். கேட்பவர் வீட்டில் நோயாளி இருக்கலாம், வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள். டாக்சோரூபிசின் மருந்தைக் கொழுப்புக் குமிழில் அடைத்துத் தரும் முறைக்கு அமெரிக்காவில் 1995இலேயே அனுமதி கிடைத்தது, அது சில புற்றுநோய்களுக்குப் பயன்படுகிறது என்பதோடு நிறுத்துங்கள். கொரோனா தடுப்பூசி பற்றிக் கேட்டால், நானோ கொழுப்புத் துகள் இருந்தது எம்.ஆர்.என்.ஏ. வகையில், இங்கே பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் அந்த வகை அல்ல.

கீழடிப் பானையிலேயே நானோ இருக்காமே, நம்ம முன்னோருக்கு இது தெரியும்தானே?

பானையின் கறுப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருந்ததாக 2020இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் எழுதினார்கள். டமாஸ்கஸ் வாளில் அத்தகைய குழாய்கள் இருப்பதை 2006இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் நேச்சரில் காட்டினார்கள். அந்த வாளுக்கான ஊட்ஸ் எஃகு தென்னிந்தியாவிலிருந்தும் போனது. ரோமானியர்களின் நான்காம் நூற்றாண்டு லைகர்கஸ் கோப்பையில் தங்க, வெள்ளித் துகள்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சை, உள்ளிருந்து பட்டால் சிவப்பு.

இவை எல்லாம் கைத்திறனுக்குச் சான்று. எவ்வளவு சூடு, எந்த விறகு, எத்தனை நேரம் என்பதை அந்தக் குயவரும் கொல்லரும் துல்லியமாக அறிந்திருந்தார்கள். துகளின் அளவு தெரிந்திருந்ததற்குச் சான்று இல்லை. அதை அளக்கும் வழியே அப்போது இல்லை. மாணவரிடம் "தெரியும்", "தெரியாது" என்று ஒரு வார்த்தையில் தீர்ப்புச் சொல்வதைவிட, "அவர்கள் எதை அறிந்திருந்தார்கள், அதை இன்று நாம் எதை வைத்துச் சொல்கிறோம்?" என்று கேளுங்கள். மெழுகுவத்திக் கரி பிடித்த தட்டை அப்போது மறுபடி கையில் கொடுங்கள். சில பத்து நானோமீட்டர் கார்பன் துகள்களை அவரும் சற்று முன் செய்து முடித்திருக்கிறார், அளவு தெரியாமலேயே.